மூன்றாம் எண் தோட்டா

நஜ்அ தரீஃப், கெனா மாவட்டம்
4 நவம்பர் 1983

தம்பி ரிஃபாத்துக்கு அக்கா ராவியா எழுதறது. உன் மேல அல்லாவோட சாந்தி இருக்கட்டும். கெய்ரோவுல நீ சுகமான்னு கேட்டுத்தான் கடுதாசி ஆரம்பிக்கணும். கேட்டாச்சு. இங்க யாரு சுகம்னு நீ கேக்க வேண்டாம்.

மூணு நாள் இருந்துட்டு ரயில் ஏறிட்டே. அப்பாவை வச்ச மண்ணுல ஈரம் கூடக் காயல. நீ மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்னு அழுததை நான் பாத்தேன். நீ பாக்காததை நான் சொல்றேன், கேளு. சாயங்காலம் கரும்புக்குத் தண்ணி திருப்பப் போனவர் வரலைன்னு தேடிப் போனவ நான்தான். வாய்க்கா ஓரம் குப்புறக் கிடந்தார். திருப்பினேன். குண்டு தாடைக்குக் கீழ நுழைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. பல்லு ரெண்டு என் உள்ளங்கையோட வந்துடுச்சு. கரும்புத் தோகையெல்லாம் ரத்தம், அதுக்குள்ள எறும்பு வந்துடுச்சு. நான் தோகையைத் தொடைச்சேன் ரிஃபாத். எதுக்குத் தொடைச்சேன்னு எனக்கே தெரியல.

போலீஸ் அதிகாரி வந்து "யார் மேல சந்தேகம்"னு கேட்டப்ப உன் மச்சான் தஸூக்கி "யார் மேலயும் இல்லைங்க"ன்னார். ஏன்னு உனக்குத் தெரியும். அவங்க கையில குடுத்துட்டா நம்ம கையில என்ன மிச்சம்? துக்கப் பாய் விரிக்கல. ஆறுதல் சொல்ல வந்தவங்களை வாசலோட அனுப்பிட்டோம். பழி தீர்ற வரைக்கும் இந்த வீட்டுல துக்கம் கிடையாது.

சுட்டவன் ஹர்பி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சித்தப்பா அவன் அப்பனை வெட்டினார். அவன் காத்திருந்து எடுத்துட்டான். இது ஊர்ல கழுதைக்குக் கூடத் தெரியும்.

குளிப்பாட்டினவர் எடுத்துக் குடுத்த குண்டு இந்தத் துணியில இருக்கு. ஒரே மகன் நீ. கொண்டு வந்து ஹர்பி நெத்தியில திருப்பிக் குடு.

உன் அக்கா
ராவியா


கெய்ரோ
21 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் உன் மகன் ஷாஹினுக்கும் என் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் திட்டுவாய். ஆனாலும் கேட்கிறேன். நீ சாப்பிடுவதில்லை என்று ஷாஹின் எழுதியிருந்தான்.

குண்டு வந்தது. அரை நாள் அதைத் தொட முடியவில்லை. பிறகு எடுத்துப் போய் என் மேசையில் வைத்தேன். அக்கா, நான் எட்டு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலை இதுதான். ஒவ்வொரு துப்பாக்கிக் குழாயும் தன் வழியே போகிற குண்டின் முதுகில் கீறிவிடுகிறது. ஒரு குழாயின் கீறல் இன்னொன்றுக்கு வராது. இரண்டு குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கண்ணாடியில் பார்க்கிற இரட்டை நுண்ணோக்கி எங்களிடம் இருக்கிறது. கீறலும் கீறலும் கோடு மாறாமல் சேர்ந்தால் இரண்டும் ஒரே துப்பாக்கி.

ஹர்பி என்கிறாய். பழி தீர்த்தவன் அதை மறைப்பானா? அவன் அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அவர்கள் வீட்டில் துக்கப் பாய் விரிக்கவில்லை. ஹர்பி சுட்டிருந்தால் அன்றைக்கே விரித்து ஊரையே கூப்பிட்டிருப்பான். விரித்தானா?

அவன் துப்பாக்கியில் சுட்ட குண்டு ஒன்று எனக்கு வேண்டும். அது மட்டும் போதாது. ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற மற்றவர்கள் குண்டும் சேர்ந்து வர வேண்டும். தனித்தனியாக முடிந்து எண் மட்டும் போடு. எது யாருடையது என்று எனக்குச் சொல்லாதே. பட்டியல் உன்னிடம் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இதுதான் கொலைகாரன் துப்பாக்கி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் சேருகிறது என்று எழுதினேன். அந்த ஆள் எட்டு மாதம் உள்ளே இருந்தான். பிறகு உண்மையான துப்பாக்கி கிடைத்தது. மனசு எதை விரும்புகிறதோ அதைத்தான் கண் பார்க்கும் அக்கா. அன்றிலிருந்து பெயர் தெரிந்தால் நான் கண்ணாடி பக்கமே போவதில்லை. கண் காணாததை எழுதுவதும் இல்லை.

அதுவரை யாரும் யாரையும் தொட வேண்டாம். என் மேல் சத்தியம்.

தம்பி
ரிஃபாத்


நஜ்அ தரீஃப்
15 டிசம்பர் 1983

தம்பிக்கு அக்காவோட சலாம். உன் கடுதாசியை மூணு தடவை வாசிச்சேன். நல்லா எழுதறே. எழுதத்தானே படிக்க வச்சாங்க.

ஊர்ப் பொம்பளைங்க உனக்கு ஒரு சீதனம் அனுப்பியிருக்காங்க, இதோட வருது. கறுப்பு முக்காடு. "உன் தம்பி கெய்ரோவுல போட்டுக்கட்டும்"னு கிணத்தடியில வச்சுக் குடுத்தாங்க. ஒருத்தி குலவை வேற போட்டா. நான் அவ கூந்தலைப் பிடிச்சு இழுத்து மண்ணுல தள்ளி மிதிச்சேன். நாலு பேர் சேர்ந்து பிரிச்சு விட்டாங்க. அவ காது அறுந்து கம்மல் என் கையோட வந்துடுச்சு. யாருக்காக மிதிச்சேன்? அவ சொன்னது சரின்னு எனக்கே தோணினப்புறம் மிதிச்சேன், அதான் கேவலம்.

நீ தொட வேண்டாம்னே. இங்க யாரு உன்னைக் கேட்டாங்க? போன வியாழக்கிழமை நம்ம பசங்க ஹர்பியோட கோவேறு கழுதைக்கு நாலு காலையும் நரம்பு பாத்து அறுத்துட்டாங்க. ஊரே கேக்கற மாதிரி கத்திச்சு. மறுநாள் நம்ம கரும்பு அரை ஏக்கர் எரிஞ்சுது. அணைக்கப் போன தஸூக்கி மண்டையில கல்லு. ஆறு தையல். ஷாஹின் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு ஓடினான். வாசல்ல படுத்துக்கிட்டேன், "என்னை மிதிச்சுட்டுப் போடா"ன்னு. இருபது வயசுப் பையன், அவங்க தாத்தா மேல உசிரா இருந்தவன். உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான்.

எனக்கும் ஒண்ணு தோணுது. ஹர்பி வீட்டுல பாய் விரிக்கலைன்னு எழுதினியே. அது எனக்கு உறைக்காம இல்ல. நடிக்கிறான்னு சொல்லிக்கிட்டேன். ஆனா பன்னெண்டு வருஷமா நெஞ்சுல வச்சிருந்தவன் நடிக்க மாட்டான். என்னை அஞ்சாம் வகுப்போட நிறுத்திட்டாங்க ரிஃபாத், பள்ளிக்கூடத்துல உன்னை விட நான்தான் கணக்குல புலின்னு உனக்கே தெரியும். யோசிக்க எனக்கும் தெரியும்.

குண்டு கொண்டு வர்றேன். எப்படின்னு கேக்காதே. ஹர்பிதான்னு உன் கண்ணாடி சொல்லிட்டா அப்புறம் நீ முக்காட்டைக் கழட்டணும். சம்மதமா?

ராவியா


கெய்ரோ
30 டிசம்பர் 1983

அக்காவுக்கு சலாம். மச்சானின் தையல் ஆறியதா? காய்ச்சல் வந்தால் உடனே கெனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, வெங்காயம் வைத்துக் கட்டாதே.

முக்காடு வந்தது. அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை என்று எழுதினால் பொய்.

கண்ணாடி யாரைச் சொன்னாலும் அவன் போக வேண்டிய இடம் கோர்ட். அதற்கு நீ சம்மதமா என்று நான் கேட்கிறேன். என் மேலதிகாரி யூனான் ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். வேலை நேரம் முடிந்ததும் பார்த்துக்கொள் என்றார்.

குண்டு நசுங்காமல் இருக்க வேண்டும். கல்லில் பட்டது ஆகாது, மண்ணில் பாய்ந்தது வேண்டும்.

ரிஃபாத்


நஜ்அ தரீஃப்
22 ஜனவரி 1984

தம்பிக்கு சலாம். மச்சானுக்கு ஆறிடுச்சு, வெங்காயம்தான் வச்சுக் கட்டினேன். நீ குளிருக்குக் கம்பளி வாங்கிக்கோ.

ஊர்த் தலைவர் மகனுக்குக் கல்யாணம். அவர் வீட்டு வாசல்ல பகை கிடையாது, அது உனக்குத் தெரியும். நம்ம ஆளும் போனாங்க, ஹர்பி ஆளும் வந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே தட்டுல கை வைக்காம, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம உக்காந்திருந்தாங்க. சாப்பாடு முடிஞ்சதும் சட்டியைக் குறி வச்சுச் சுடுற போட்டி. களத்து மண்சுவத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சட்டி. நாங்க பொம்பளைங்க மாடியில. யாரு எந்தச் சட்டின்னு வரிசையா மனசுல ஏத்திக்கிட்டேன். ஏழு பேர். ஹர்பி தோளு கூட ஆடாம சுட்டான். ஷாஹினும் சுட்டான். ஒரே வெடி, சட்டி தூள். அன்னிக்குத்தான் ரெண்டு மாசத்துக்கப்புறம் அவன் முகத்துல சிரிப்பு வந்துச்சு.

மறுநாள் காலையில அடுப்பு மெழுக மண்ணு வேணும்னு கூடையோட போனேன். அடுப்படிக் கத்தியால சுவத்தைக் கிண்டிக் கிண்டி ஏழையும் எடுத்தேன். தலைவர் சம்சாரம் பாத்துட்டு, "உங்க வீட்டுக் களத்துல மண்ணு இல்லியா ராவியா"ன்னா. "உங்க மண்ணுதான் வெடிக்காம நிக்குது"ன்னேன்.

ஏழு துணி, ஏழு எண். பட்டியல் என் தலைக்குள்ள, காகிதத்துல கிடையாது. பஸ் டிரைவர் கையில குடுத்திருக்கேன். அவன்கிட்ட கருவாடுன்னு சொல்லியிருக்கேன், பிரிச்சுப் பாக்க மாட்டான்.

சீக்கிரம் சொல்லு. இங்க யாரும் தூங்கறதில்ல.

ராவியா


கெய்ரோ
10 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கு நிஜமாகவே வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏழையும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு சேரவில்லை. மூன்று சேருகிறது. அப்பாவின் உடம்பிலிருந்து எடுத்த குண்டும் மூன்றாம் எண் குண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை. நான்கு நாள் தனித்தனியாகப் பார்த்தேன். யூனான் ஐயாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு தடவை குனிந்து பார்த்து, "சந்தேகமே இல்லை" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மூன்றாம் எண் யார் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் நான் கண்டது உண்மை என்று நம்புகிறேன்.

கையெழுத்திட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. நேராக அரசு வழக்கறிஞரிடம் எடுத்துப் போ. பெயரை அவரிடம் சொல். வேறு யாரிடமும் சொல்லாதே, மச்சானிடம் கூட.

பதில் உடனே எழுது.

ரிஃபாத்


நஜ்அ தரீஃப்
3 ஏப்ரல் 1984

தம்பிக்கு சலாம். பதில் எழுத நாளாயிடுச்சு. வேலை.

மூணு ஹர்பியோடது.

உன் காகிதத்தைக் குடும்பத்துப் பெரியவங்க கூடினப்ப மறைப்புக்குப் பின்னாடி நின்னு நானே வாசிச்சேன். எண்ணை வாசிச்சு, பேரையும் சொன்னேன். நீ வழக்கறிஞர்கிட்டப் போன்னு எழுதியிருந்ததை வாசிக்கல.

போன திங்கக்கிழமை கரும்பு ஏத்துற வண்டிகிட்ட ஹர்பியைப் பிடிச்சாங்க. தஸூக்கியும் அவர் தம்பிங்க ரெண்டு பேரும். கரும்பு வெட்டற கத்தி. துப்பாக்கி எடுக்கப் போன கையைத்தான் முதல்ல. அப்புறம் முழங்காலை. "நான் இல்ல, என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல"ன்னு கத்தினானாம். தஸூக்கி, "கெய்ரோ மெஷின் சொல்லிடுச்சுடா"ன்னாராம். கழுத்துக்கு ரெண்டு வெட்டு ஆச்சாம். ஏத்தி வச்ச கரும்பு மேல சாய்ஞ்சவன் அங்கயே கிடந்தான். வண்டி அப்படியே ஆலைக்குப் போகப் பாத்துச்சு, டிரைவர் பாத்து நிறுத்தினான்.

சாயங்காலம் நம்ம வீட்டுல பாய் விரிச்சோம். அப்பாவுக்கு ஊரே வந்துச்சு. தஸூக்கி மலைப்பக்கம் போயிட்டார். போலீஸ் ரெண்டு வீட்டுலயும் புகுந்து துப்பாக்கியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போச்சு.

நீ வெளியில தலை காட்டாதே. பழின்னு வந்தா அவங்க கொலை பண்ணினவனைத் தேட மாட்டாங்க. குடும்பத்துல ஒசந்தவனைத்தான் தேடுவாங்க. நம்ம குடும்பத்துல படிச்சவன் நீ ஒருத்தன்தான்.

ஷாஹினுக்கு உடம்பு சரியில்ல. இல்ல, சரியாத்தான் இருக்கு.

ராவியா


கெய்ரோ
24 ஏப்ரல் 1984

அக்காவுக்கு,

சலாம். இரண்டு வாரமாகக் கடிதத்தை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்தைக் காட்டி ஒரு மனிதனைக் கண்டதுண்டமாக வெட்டியிருக்கிறீர்கள். அவன் கொலைகாரனாகவே இருந்தாலும் இதற்கு நான் சம்மதிக்கவில்லை. உன்னிடம் கேட்ட சத்தியத்தை நீ செய்யவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று வேறொன்று நடந்தது. நம் ஊரில் கைப்பற்றிய துப்பாக்கிகள் எங்கள் கூடத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு. ஒன்றில் ஹர்பி பெயர். தண்ணீர்த் தொட்டியில் சுட்டு, குண்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். அப்பாவின் குண்டோடு சேரவில்லை. உன் துணிகளை எடுத்தேன். ஹர்பியின் துப்பாக்கி ஐந்தாம் எண்ணோடு சேருகிறது.

நீ அனுப்பிய ஐந்துதான் ஹர்பி. நீ வரிசையை மறப்பவள் இல்லை. கணக்கில் புலி.

வந்த துப்பாக்கிகள் எதுவும் மூன்றோடு சேரவில்லை. அந்தத் துப்பாக்கியை யாரோ போலீசுக்குக் கிடைக்காமல் செய்திருக்கிறார்கள்.

மூன்று யார் அக்கா?

ரிஃபாத்


நஜ்அ தரீஃப்
17 மே 1984

ரிஃபாத்,

சலாம் சொல்ல எனக்கு யோக்யதை இல்ல. வாசிச்சதும் இதை எரிச்சுடு.

மூணு ஷாஹின்.

அவனுக்கு அன்னிக்கு எதுவும் தெரியாது. அப்பா செத்த சாயங்காலம் மேலைக் கரும்புக் காட்டுல நம்ம ஆட்டைக் கடிச்ச ஓநாய் போச்சுன்னு தோகை அசைஞ்ச பக்கம் ஒரு வெடி வச்சான். ஒண்ணும் கத்தல, தப்பிச்சுடுச்சுன்னு வீட்டுக்கு வந்துட்டான். "அம்மா, ஓநாய் தப்பிச்சுடுச்சு"ன்னு சொல்லிட்டு ரொட்டி கேட்டான். நான் சுட்டுப் போட்டேன். அதுக்கப்புறம்தான் அப்பாவைத் தேடிப் போனேன். ஓநாயும் அப்பாவும் எனக்கு ஒண்ணா தோணவே இல்ல. ஹர்பின்னு ஒருத்தன் ரெடியா இருந்தான், யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரல.

உன் கடுதாசியை அடுப்படியில பிரிச்சேன். மூணுன்னு இருந்துச்சு. ரொட்டி கரிஞ்சு புகை கண்ணை மறைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். நாப்பது நாள் வாயைத் திறக்கல. தினமும் தஸூக்கி, "கெய்ரோக்காரன் என்ன சொல்றான், என்ன சொல்றான்." ஷாஹின்னு சொல்லியிருந்தா? அப்பா பக்கத்து ஆளுங்க விட மாட்டாங்க. தஸூக்கி கௌரவத்துக்கு அவரே பெத்த பிள்ளையைச் சுட்டிருப்பார், உனக்கு அவரைத் தெரியும். தெரியாதுன்னு சொல்லியிருந்தா உன்கிட்டயே ஆள் அனுப்பியிருப்பாங்க. அப்பா போயாச்சு, திரும்பி வர மாட்டார். மகன் இருக்கான். நான் ஹர்பின்னேன். அவனுக்கும் நாலு பிள்ளைங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரியே ஷாஹின் துப்பாக்கியை வாய்க்கால்ல போட்டுட்டேன். தொலைஞ்சு போச்சுன்னு நம்பறான். ஹர்பி செத்ததுக்குச் சந்தோஷப்பட்டான் பாவி. எனக்குத்தான் அவன் முகத்தைப் பாக்க முடியல.

உன் காகிதம் கொல்லல, நான்தான் கொன்னேன். நீ எதுவும் செய்யாதே. அதை மட்டும் கேக்கறேன். உன்னைப் படிக்க வைக்க என்னைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தினாங்களே, அதுக்குப் பதிலா கேக்கறேன்.

ராவியா


கெய்ரோ
7 ஜூன் 1984

அக்கா,

உனக்கும் ஷாஹினுக்கும் சலாம். உன் கடிதத்தை எரிக்கவில்லை.

நீ கேட்டதை என்னால் தர முடியாது. ஹர்பியின் மனைவி ஷவ்கியா நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கொலை செய்துவிட்டு மறைத்த கோழையின் பொண்டாட்டி என்று ஊரில் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அது என் கையெழுத்து அவளுக்கு வாங்கிக் கொடுத்த பெயர். அவன் தம்பி புக்தாதி இன்னும் ஒருவனை வெட்டுவான். பிறகு நம்மவர்கள் ஒருவனை. எல்லாம் நான் சொன்ன மூன்றுக்கு நீ சொன்ன பெயரால்.

மறுபடி மூன்று தடவை பார்த்தேன், தவறாக இருக்காதா என்று. இல்லை. யூனான் ஐயாவும் மறுபடி பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை அக்கா.

ஷாஹின் வேண்டுமென்று சுடவில்லை. சட்டம் அதைக் கேட்கும். இரண்டு, மூன்று வருடம் போடுவார்கள். ஊரை விட ஜெயில் அவனுக்குப் பத்திரம். சனிக்கிழமை, பதினாறாம் தேதி, நான் அரசு வழக்கறிஞரிடம் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால் அவனை ரயிலேற்றி என்னிடம் அனுப்பு. ஸ்டேஷனில் நான் நிற்பேன். கையைப் பிடித்து நானே கூட்டிப் போகிறேன். எந்த ரயிலானாலும் நிற்பேன்.

ரிஃபாத்


நஜ்அ தரீஃப்
27 ஜூன் 1984

தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ ஸ்டேஷன்ல ரெண்டு நாள் நின்னேன்னு யாரோ சொன்னாங்க. கால் வலிச்சிருக்கும்.

நீ எழுதினதை அவன்கிட்டச் சொல்லி அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கடுதாசியையே கையில குடுத்துட்டேன். வாசிச்சான். "அந்த ஓநாயா அம்மா"ன்னு மட்டும் கேட்டான். நான் ஆமான்னேன். துணிமணி கட்டி வச்சேன், முட்டை அவிச்சு வச்சேன், மறுநாள் காலை ரயில்.

காலையில ஆளக் காணோம். பெட்டியில தாத்தா சவத்தைச் சுத்த வாங்கின கஃபன்ல மிச்சம் இருந்த துணி இருந்துச்சே, அதைக் காணோம். தெருவுல குரல் கேட்டுச்சு. செருப்பில்லாம, துணியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஹர்பி வீட்டுத் தெருவுல நடக்கறான். "தாத்தாவை நான்தான் சுட்டேன். ஹர்பி குத்தமில்லாதவன். என்னை எடுத்துக்குங்க"ன்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொல்றான்.

கஃபன் ஏந்தி மன்னிப்புக் கேக்கப் போறதுக்கு ஒரு முறை இருக்குல்ல. பெரியவங்க போய்ப் பேசணும், மாசக்கணக்காகும், அவங்க சம்மதிச்சு நாள் குறிக்கணும், ஆயுதமில்லைன்னு நடுவர் ரெண்டு பக்கமும் நிக்கணும், அப்புறம்தான் போவாங்க. அவங்களும் ஆளுக்குப் பதிலா ஆட்டை அறுத்து விட்டுடுவாங்க. இவனுக்கு அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? சின்னதுல எங்கயோ பாத்ததை வச்சுக்கிட்டுத் தனியாப் போயிட்டான்.

புக்தாதி மாடியில காவல் நின்னான். இவன் சொன்ன வார்த்தை அவனுக்குப் பிடிபடல, தஸூக்கி மகன் கையில எதையோ மூடிக்கிட்டு வீட்டைப் பாத்து வர்றான்னுதான் அவனுக்குத் தெரிஞ்சுது. துணிக்கு அடியில துப்பாக்கின்னு நினைச்சிருக்கான். மூணு வெடி. ஒண்ணு வயித்துல, ரெண்டு நெஞ்சுல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஷவ்கியா ஓடி வந்து அவன் தலையை மடியில வச்சிருந்தா. குடல் வெளிய வந்திருந்துச்சு, அதை அவதான் கையால அணைச்சுப் பிடிச்சிருந்தா. கண்ணையும் அவதான் மூடினா. நான் அவ காலைப் பிடிச்சேன். உதறல.

தஸூக்கி மலையிலேருந்து இறங்கி வந்து போலீஸ்ல சரணடைஞ்சுட்டார். புக்தாதியும் போயிட்டான். பெரியவங்க ரெண்டு பக்கமும் பேசி இதோட முடிஞ்சுதுன்னுட்டாங்க.

ரிஃபாத், உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். எனக்குச் சோறு இறங்கல. அவன் சுட்டது ஓநாயைத்தான். அவன் கண்ணால பாத்தது ஓநாய்தான். உன் காகிதத்துல இருந்ததாலதான் தாத்தாவைக் கொன்னேன்னு நம்பினான். அந்த நம்பிக்கையிலதான் போனான். தாத்தா ரத்தம் தன் கையிலன்னு நினைச்சுக்கிட்டே செத்தான். கண்ணாடி ஏமாத்துமா? கண்ணு களைச்சிருந்தா கீறல் மாறித் தெரியுமா? ஒரு தடவை தப்பு பண்ணினேன்னு நீயே எழுதியிருக்கே. இதுவும் அப்படி இருக்குமா?

நான் படிக்காதவ. நீ என்ன சொன்னாலும் நம்புவேன்.

ராவியா


கெய்ரோ
19 ஜூலை 1984

அக்கா,

உனக்கு அல்லா பொறுமையைக் குடுக்கட்டும். நான் நல்லா இருக்கேன். நீ கொஞ்சம் கஞ்சியாவது குடி.

நீ கேட்டது சரிதான். உன் கடுதாசி வந்த அன்னிக்கே மறுபடி கண்ணாடியில வச்சேன். மூணாம் எண் சேரல. ஒரு பக்கக் கீறலை மட்டும் பாத்துட்டு சேர்ந்துடுச்சுன்னு எழுதியிருக்கேன். அப்பா குண்டுங்கறதால மனசு அவசரப்பட்டுடுச்சு.

பதினாறாம் தேதி குடுத்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்கிட்டேன். நான் தப்பா ஆய்வு பண்ணினேன்னு எழுதி யூனான் ஐயாகிட்டயும் குடுத்தேன். அவர் வாசிச்சுட்டு என் முகத்தையே ரொம்ப நேரம் பாத்தார். "இதுல கையெழுத்துப் போட்டா இந்த வேலையை எங்கயும் பாக்க முடியாது"ன்னார். தெரியும்னேன். மேல எதுவும் கேக்கல, காகிதத்தை வாங்கி வச்சுக்கிட்டார். நேத்துலேருந்து கூடத்துக்குப் போறதில்ல.

ஹர்பி துப்பாக்கி சேரலைன்னு எழுதினதை மட்டும் வாபஸ் வாங்கல. அது அப்படியே இருக்கு. ஷவ்கியாகிட்ட அந்தக் காகிதத்தோட நகலை நீயே கொண்டு போய்க் குடு.

அப்பாவைச் சுட்டது யாருன்னு தெரியாது அக்கா. இனிமே தெரியவும் போறதில்ல. ஷாஹின் இல்ல. அவன் சுட்டது ஓநாயைத்தான்.

உன் தம்பி
ரிஃபாத்